தறிக்குழியில் கடல்

பஸ் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து, நடுவழியில் அதே பஸ்ஸைக் கோட்டை விடுகிற ரகம் நான். அப்படிப்பட்டவளை நம்பித்தான் ஒரு கடற்பாசியின் உயிரை ஒப்படைத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி ஆரணிக்கு வந்த பிறகும் எம்.எஸ்ஸி. தாவரவியலை முடித்தே தீருவேன் என்று நின்றேன். ப்ராஜெக்ட்டுக்காக எங்கள் மேடம் ஒரு கைப்பிடி பச்சைக் கடற்பாசி, ஒரு கேன் கடல் தண்ணீர், சின்ன பாட்டிலில் ஊட்டச்சத்துக் கரைசல் கொடுத்தார்.

"வாரத்துக்குப் பத்துச் சொட்டு. அதுக்கு மேல வேணாம். இருபதாம் நாள் நானே வந்து பாக்கறேன்."

வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் ஒரே இடம் தறி அறை. கண்ணாடி ஓட்டுக்குக் கீழே, என் கணவர் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டுப் பட்டு நெய்யும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீரை ஊற்றிப் பாசியை வைத்தேன்.

முதல் நாள் பத்துச் சொட்டு. மறுநாள் பாசி அப்படியே இருந்தது. (ஒரே நாளில் வேறென்ன செய்யும்?) இன்னும் பத்து. நான்காம் நாள் பாட்டில் காலி.

"எத்தினி வாட்டி எட்டிப் பாத்துகினு இருப்ப? வெளிச்சத்த மறைக்கிற," என்றார் கணவர்.

"வளரவே மாட்டேங்குதுங்க. பசியா இருக்குமோ?"

"அதுவா சொல்லுச்சு?"

சாயங்காலமே உரக்கடைக்குப் போய் யூரியாவும் டிஏபியும் வாங்கி வந்தேன். கடலானால் என்ன, கழனியானால் என்ன? ஒரு சிட்டிகை போதும். நான் போட்டது ஒரு பிடி. ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சைக் குழம்பானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வளர்கிறதே என்று இன்னொரு பிடி.

பத்தொன்பதாம் நாள் அழுகிய முட்டை நாற்றம். இது போனால் படிப்பும் போச்சு. மறுநாள் காலை, மேடம் வருவதற்குள் தண்ணீரை மாற்றிவிடலாம் என்று தொட்டியைத் தூக்கினேன்.

"இரு, இந்தக் கரையை முடிச்சுட்டு வந்து புடிக்கிறேன்," என்றார் கணவர்.

இருந்திருக்கலாம். ஓரடி வைத்தேன். கீழே கிடந்த நூல்கண்டில் கால் உருண்டது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் தறிக்குழிக்குள் இறங்கியது. பட்டில் ஒரு சொட்டும் படவில்லை, அது யார் செய்த புண்ணியமோ. கணுக்கால் மூழ்கப் பச்சைக் குழம்பில் உட்கார்ந்தபடி அவர் என்னைப் பார்த்தார். வாசலில் மேடம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாசி எங்கம்மா?"

குழியைக் காட்டினேன். கணவர் தன் காலில் ஒட்டியிருந்த கொழகொழத் துண்டு ஒன்றை எடுத்து மரியாதையாக நீட்டினார்.

"இது செத்துப் பத்து நாள் இருக்கும்," என்றார் மேடம், மூக்கைப் பொத்திக்கொண்டு. "நீ இவ்ளோ நாளா தீனி போட்டது தண்ணியில இருந்த பொடிப் பாசிக்கு. அது பெருகி வெளிச்சத்த மறைச்சு இத சாகடிச்சிடுச்சு."

அழுதுவிட்டேன்.

"தலைப்ப மாத்திக்கோ. உரம் அதிகமானா என்ன ஆகும்னு எழுது. உன்ன விட்டா அத எழுத ஆள் இல்ல."

எழுதினேன், பாஸானேன். கணவர் ஒரு மாதம் மூக்கில் துண்டு கட்டி நெய்தார். எங்கள் வீட்டுக்குக் 'கடல் வீடு' என்று பெயர் விழுந்து, ஆட்டோக்காரர்கள் வரை பரவிவிட்டது.

போன வருஷம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அப்படிக் கேட்டுத்தான் வந்தார்கள். உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா ஆவலாக விசாரித்தார்: "கடல் வீடுன்றாங்களே, பீச்சாண்ட எடம் எதுனா இருக்குதுங்களா?"

"எடம் இல்லீங்க," என்றார் கணவர். "கடலே இங்கதான் இருந்துச்சு. இவங்கதான் தீனி போட்டே கொன்னுட்டாங்க."

சம்பந்தம் கூடிவிட்டது. ஆனால் சம்பந்தி இன்றுவரை என் கையால் இரண்டாம் கரண்டி சோறு வாங்கியதில்லை.