முழங்கால் வருத்தக்காரப் பிரேதம்

'தெரியாது' என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என நம்பும் ஒரு வகை மடையன் உண்டு. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் கனடாவின் மொன்றியலில் அந்த வகைக்குத் தலைவன் நான்தான்.

அப்போது சீனச் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினேன். (கலியாணத் தரகர் பெண் வீட்டில் சொன்னது 'செஃப்'.) ஞாயிறு பூசை முடிந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஜோசபினைப் பெண் பார்க்கப் போனேன். அவளுக்குச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கார்தெரியில் வேலை. அவளுடைய தகப்பன் கால் நீட்டியபடி கேட்டார்:

"தம்பிக்கு பிரெஞ்சு தெரியுமோ? அது இல்லாமல் இஞ்ச பெண் தரமாட்டன்."

"பிரெஞ்சு என்ன, ஐயா. எனக்குச் சீனமே தண்ணிபட்ட பாடு."

எனக்குத் தெரிந்த சீனம் மூன்றே மூன்று: கெதியாய்க் கழுவு, திரும்பக் கழுவு, பிறகு என் தாயைப் பற்றி முதலாளி சொல்லும் ஒரு வசனம்.

"அப்ப நல்லதாப் போச்சு. மகளோட வேலை செய்யிற சீனப் பிள்ளை ஒரு படம் குடுத்தது. மகளுக்குப் பாக்க நேரமில்லை. ஒருத்தன் துள்ளித் துள்ளிப் போறான், எனக்கு ஏனெண்டு விளங்கேல்லை. ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

படம் ஓடியது. பழைய அங்கி போட்ட ஒருவன், கையிரண்டையும் நீட்டி, நெற்றியில் மஞ்சள் கடதாசியோடு துள்ளினான்; மஞ்சள் உடுப்புக்காரர் ஒருவர் அவனுக்குப் பின்னால் ஓடினார். மடையர் தலைவனான இந்த ஞானி வாயைத் திறந்தான்.

"முழங்கால் வருத்தம், ஐயா. மடக்கேலாது."

"ஐயோ, எனக்கும் அதுதானே. நெத்தியில என்ன?"

"மருந்துத் துண்டு. துலைக்காமல் இருக்க ஒட்டி விட்டிருக்கினம். மஞ்சள் உடுப்புக்காரர் பெரிய டொக்டர்."

"ஏன் எல்லாரும் மூச்சைப் பிடிக்கினம்?"

"மருந்தெண்ணெய் மணம்."

"கீழ என்னவோ எழுத்து ஓடுது. கண்ணாடி இல்லாமல் தெரியேல்லை."

அது பிரெஞ்சு. எனக்கு ஒரு எழுத்தும் வாசிக்க வராது. "விளம்பரம், ஐயா. அதை விடுங்கோ."

இந்த நேரம் பார்த்துப் படத்தில் ஒருவன் காலைப் பச்சை அரிசியில் புதைத்தான். "டொக்டர் சொல்லுறார், பச்சை அரிசி முழங்காலுக்கு நல்ல மருந்தாம்."

ஐயா மகளைக் கூப்பிட்டு, ஒரு பேசின் நிறைய அரிசி எடுப்பித்து, இரண்டு காலையும் உள்ளே விட்டார். ஜோசபின் தேத்தண்ணித் தட்டோடு நின்று தொலைக்காட்சியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு பிரெஞ்சு வாசிக்க வரும் என்பது அப்போதுதான் இந்தத் தலைக்குள் ஏறியது.

"அப்பா, அது டொக்டர் இல்லை. பேய் ஓட்டுற சாமியார். துள்ளுறது பிரேதம்; நெத்தியில இருக்கிறது அதை அடக்கிற மந்திரக் கடதாசி. அரிசி, அது கடிச்ச ஆக்களுக்கு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கீழ பிரெஞ்சில எழுதிக் கிடக்கு."

ஐயா அரிசிக்குள் இருந்த தன் காலைப் பார்த்தார். "தம்பி, நீர் எழும்பிப் போம்."

நான் சப்பாத்தைத் தேடினேன்.

"நிக்கட்டும் அப்பா," என்றாள் அவள். சிரிப்பில் தட்டு ஆடியது. "ஒரு சொல்லும் விளங்காமல் முழுப் படத்துக்கும் கதை சொல்லியிருக்கிறார். என்ர கார்தெரிப் பிள்ளைகளே இவ்வளவு துணிஞ்சு புளுகாதுகள்."

கட்டிக்கொண்டோம். இன்றைக்கும் ஆட்கள் முன்னால் நான் கதை அளக்கத் தொடங்கினால், அவள் மஞ்சள் துண்டொன்றில் பிரெஞ்சில் ஏதோ எழுதி என் நெற்றியில் ஒட்டிவிடுவாள். எங்கள் பிள்ளைகள் வாசித்துவிட்டு உருண்டு பிரண்டு சிரிப்பார்கள்.

"என்னடா எழுதிக் கிடக்கு?"

"விளம்பரம், அப்பா. அதை விடுங்கோ."