நீலச் சீட்டு

பதினெட்டு வருஷத்தில் ஒரு சீட்டைக்கூட நான் மாற்றிக் கொடுத்ததில்லை. பெண்கள் மருத்துவமனை வாசலில் சீட்டு கொடுப்பது என் வேலை. காப்பீட்டு அட்டை இருந்தால் நீலச் சீட்டு: நாற்காலி, மின்விசிறி, இன்றைக்கே டாக்டர். இல்லையென்றால் வெள்ளைச் சீட்டு: பெஞ்சு, ஆறு வாரம் கழித்து டாக்டர். எமனே வந்து நின்றாலும் "அட்டை இருக்கா?" என்றுதான் கேட்பேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஏங்க, மார்புல ஒரு கட்டி இருக்கு. ரெண்டு மாசமா."

மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

"ரெண்டு மாசமாவா! ஏன்டி சொல்லல?"

"சொன்னா மட்டும்? ஆஸ்பத்திரியில கொடுத்த உங்க அட்டையில நான் யாரு?"

"சார்ந்திருப்பவர்." படிவத்தில் நானே எழுதியது.

"சார்ந்திருப்பவருக்கு என்ன கிடைக்கும்?"

"அட்மிட் ஆனா எல்லாம் கிடைக்கும். சும்மா வந்து காட்டிட்டுப் போனா... ஒண்ணும் கிடையாது. அது வேலை பாக்குறவனுக்கு மட்டும்தான்."

"சரி விடுங்க. நல்லா முத்தட்டும், படுத்துக்கிட்டே காட்டுறேன்."

அவள் சிரித்தாள். கொள்கையாவது கத்தரிக்காயாவது! என் அட்டை எண்ணையே போட்டு அவளுக்கு நீலச் சீட்டு கொடுப்பதென்று முடிவெடுத்தேன்.

மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் சீட்டை அவள் கையில் திணித்தேன். டாக்டரம்மா கூப்பிட்டதும் உள்ளே போனது, தலை நரைத்த வேறொரு அம்மா. என் மனைவி வெள்ளைச் சீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஓடினேன். "என்னடி பண்ணிவச்சிருக்கே?"

"அந்த அம்மாவுக்கு நாலு வாரமா ரத்தம் போகுதாம். நீங்கதான் திருப்பி அனுப்பினீங்களாம்."

"அதுக்கு?"

"நீங்க அனுப்பினீங்க, நான் கூப்பிட்டேன்."

அவளுக்கு நான் போட்டுக் கொடுத்த இரண்டாவது சீட்டும் ஒரு கர்ப்பிணிக்குப் போனது. மூன்றாவது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த ஒரு சமையல்காரம்மாவுக்கு. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"உன் கால்ல வேணா விழறேன்டி, உள்ள போ! உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நாலாவது சீட்டோடு போனபோது பெஞ்சில் இருந்தவர்களே அவளை எழுப்பி உள்ளே தள்ளிவிட்டார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்து என்னிடமே சொன்னார். "நாளைக்கே கட்டியில ஊசி குத்திச் சோதிக்கணும். ஆறு வாரம் விட்டிருந்தா விபரீதமாயிருக்கும். அட்டையெல்லாம் வேணாம், நேரா என்கிட்ட அனுப்புங்க."

ஆறு வாரம். தினமும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், கொட்டாவி விட்டுக்கொண்டே. வெட்கமாக இருந்தது.

மதியம் மேலாளர் கூப்பிட்டுக் கணினியைக் காட்டினார்.

"யோவ், இன்னிக்குக் காலையில மட்டும் உனக்கு நாலு தடவை பரிசோதனை நடந்திருக்கு."

"சார்..."

"அதுல ஒண்ணுல உனக்கு ஏழாம் மாசம். தாயும் சேயும் நலமாம். வீட்டுக்குப் போய் ஓய்வெடு. திரும்பி வரவே வேணாம்."

என் சீட்டு கிழிந்தது. வேலையோடு அட்டையும் போயிற்று.

மறுநாள் அவளோடு சோதனைக்குப் போனேன். என் நாற்காலியில் ஒரு புதுப் பெண். பதிவேட்டைத் திறந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கூட வந்திருக்காரே, இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்:

"சார்ந்திருப்பவர்னு எழுதிக்கோம்மா."