கெர்னலை விழவைத்த கீரி

ஒரு காட்டில் ராஜா என்னவோ சிங்கம்தான். ஆனால் குளத்தை ஆண்டது ஒரு கம்ப்யூட்டர். கோடையில் குளம் வற்றத் தொடங்கியதும், டோக்கன் இல்லாமல் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சிங்கம் உத்தரவு போட்டது. டோக்கன் கொடுப்பது கம்ப்யூட்டரின் வேலை. சிங்கத்துக்கு மட்டும் டோக்கன் தேவையில்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லைதான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அதற்குப் புது டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினார்கள். பிடித்தது சனி. வரிசை பாதி நகர்ந்திருக்கும்போது திரை திடீரென்று நீலமாகும். கெர்னல் விழுந்துவிட்டது என்று எழுத்து வரும். கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைகளையும் மேய்க்கிற மூல நிரல். அது விழுந்தால் எல்லாமே விழுந்த மாதிரி. மறுபடி போட்டால் வரிசை முதலிலிருந்து தொடங்கும். முன்னால் நின்ற மான் பின்னால் போகும். அதன் குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடவே போகும்.

மெமரிக்குப் பொறுப்பு கரடி. டிஸ்க்குக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற டிரைவர் என்ற நிரலுக்கும் பொறுப்பு நரி. திரை நீலமானால் கரடி வரும், மெமரியைக் கழற்றும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் அதன் தங்க நிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, மாட்டும். "தேச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத் தேன் தேடப் போய்விடும். அப்புறம் நரி வரும். விழுந்தபோது உள்ளே என்ன நடந்தது என்று கம்ப்யூட்டர் தானாகவே ஒரு கோப்பில் எழுதிவைத்திருக்கும். "சும்மா இடத்த அடைக்குது" என்று நரி அதை அழித்துவிட்டுப் போகும். காட்டில் இதற்குப் பராமரிப்பு என்று பெயர்.

பக்கத்துக் காட்டு ராஜாவான புலி விருந்துக்கு வரும்வரை யாருக்கும் இதில் அவசரம் இருக்கவில்லை. சிங்கம் பெருமையாகப் புலியைக் குளத்துக்குக் கூட்டிப்போய், யானைக் கூட்டத்துக்கு மொத்தமாக டோக்கன் போட்டுக் காட்டச் சொன்னது. திரை நீலமானது. புலி மீசையை நக்கிக்கொண்டது.

அன்று சபையில் சிங்கம் சொன்னது: "இது யாரால விழுதுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்ச உடனே அந்த ஆளைத் தின்னுடுவேன்."

அதுவரை சோம்பிக் கிடந்த கரடியும் நரியும் அன்றிலிருந்து ராப்பகலாக உழைத்தன. தப்பு டிரைவரில்தான் என்று கரடி காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. மெமரியில்தான் என்று நரி திரிந்தது. கம்ப்யூட்டரை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

கடைசியில் சிங்கம் வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தது. செங்கமலம் என்ற கீரி. கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பது அவளுக்கும் தெரியும், தொல்லையே அதுதான்.

வந்த அன்றே கரடி அவளை ஓரமாக அழைத்தது. "தாயி, எனக்குக் குட்டிங்க இருக்கு. ஆனா உன் நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். இந்தா ரப்பர். தேச்சுட்டு, இனிமே சரியாயிடும்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிடு."

"நான் போயிட்டா அந்த மான்குட்டி எத்தனை நாள் காயும், கரடியண்ணே?"

"அது காயும். நீ இருப்ப."

அவள் ரப்பரை வாங்கவில்லை. மெமரியைக் கழற்றி, சிங்கம் குகையில் சீட்டாடுகிற கம்ப்யூட்டரில் மாட்டினாள். நாள் முழுக்க ஆட்டம் நடந்தது, ஒன்றும் விழவில்லை. மெமரி நல்லதுதான் என்று தெரிந்தது. பிறகு அதைக் குளத்துக் கம்ப்யூட்டரிலேயே திரும்ப மாட்டி, டிஸ்க்கோடு வந்த புது டிரைவரை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டாள். கொஞ்சம் மெதுவாக ஓடியது, ஆனால் யானைக் கூட்டத்துக்கே டோக்கன் போட்டும் விழவில்லை. புது டிரைவரைத் திரும்பப் போட்டாள். விழுந்தது.

விஷயம் இதுதான்: புது டிரைவர், மெமரியில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும், கொடுத்த பிறகும் அதே இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர், புதுக் குடித்தனம் வந்த பிறகும் அதே அடுப்பில் உலை வைக்கிற மாதிரி. அடி வாங்குவது மெமரி, அடிப்பது டிரைவர். அந்த டிஸ்க்கையும் டிரைவரையும் காட்டுக்கு வாங்கித் தந்தவர் ராணியின் தம்பி.

செங்கமலம் இதை அப்படியே, பெயரோடு, சபையில் சொன்னாள். ராணி சிங்கத்தைப் பார்த்தது. சிங்கம் தன் நகங்களைப் பார்த்தது.

"ஆதாரம் இருக்கா?" என்றது நரி.

"இருந்த கோப்புகளையெல்லாம் நீங்கதான் அழிச்சிட்டீங்களே. பரவாயில்ல, நேர்லயே காட்டறேன்."

சபை குளத்துக்கு நகர்ந்தது. புது டிரைவரைப் போட்டாள்; யானைகளுக்கு டோக்கன்; நீலம். பழையதைப் போட்டாள்; டோக்கன் வந்துகொண்டே இருந்தது. யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் செய்து காட்டினாள், விழவைத்து, நிறுத்தி. குரங்குகள் கைதட்டின. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நரி மெல்ல எழுந்தது. "அம்மா, எங்க கையில இது எப்ப விழும்னு எங்களுக்கே தெரியாது. சரிதானே?"

"ஆமா."

"உங்க கையில?"

"நான் நினைச்சா விழும்" என்றாள் செங்கமலம், தலையை நிமிர்த்தி.

"நினைச்சா விழாமலும் இருக்கும்?"

"இருக்கும்."

"அவ்வளவுதான் மகாராஜா" என்று நரி உட்கார்ந்துகொண்டது.

கரடி என்னவோ சொல்ல வாயெடுத்தது. குட்டிகளை நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டது. சிங்கம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற ராஜா. அங்கேயே அவளைத் தின்றது. ராணியின் தம்பிக்கும் ஒரு பங்கு போனது.

செங்கமலம் கடைசியாகப் போட்டுவிட்டிருந்தது பழைய டிரைவர். அதை யாரும் மாற்றவில்லை, மாற்றத் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை. மறுநாள் திரை நீலமாகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "பாத்தீங்களா, தின்னதுமே சரியாயிடுச்சு" என்று காடே பேசிக்கொண்டது. நரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

மானுக்கும் குட்டிக்கும் டோக்கன் வந்தது. ரொம்ப நேரம் குடித்துவிட்டுக் குட்டி நிமிர்ந்தது. "அம்மா, இத அந்தக் கீரியக்காதானே சரி பண்ணாங்க?"

"சத்தமாப் பேசாத. குடி" என்றது மான்.

மழைக்காலம் வந்ததும் டோக்கன் அச்சடிக்கும் பிரிண்டரில் காகிதம் சிக்கியது. சிங்கம் சிறிதும் பதறவில்லை. நல்ல இன்ஜினியர் ஒருவரை அனுப்பிவைக்கும்படி பக்கத்துக் காட்டுக்குச் சொல்லி அனுப்பியது.

நீதி: எந்த இயந்திரம் பழுதானாலும் இன்ஜினியரைத் தின்றால் சரியாகிவிடும். அவர் வேலையை முடிக்கும்வரை மட்டும் பசி பொறுக்க வேண்டும்.