நோக்குகூலி தூக்கிப் பார்த்த எடை

நான் எங்கே சாவேன், என்னைச் சுமக்க எத்தனை பேர் வேண்டும் என்ற இரண்டு விஷயங்களையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்ட ஒரே மனிதர் நோக்குகூலிதான். ஜோசியர்கள்கூட என்னிடம் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அது தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் சுமை ஏற்றி இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகளிடம் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. உங்கள் வீட்டுக்கு வந்த பீரோவை நீங்களே இறக்கினாலும், அவர்கள் ஓரமாக நின்று அதைப் பார்த்ததற்குக் கூலி கேட்பார்கள். அதற்குப் பெயர் நோக்குகூலி. இந்த மனிதரும் பழைய சுமட்டுக்காரர். வேலையை விட்ட பிறகு மலையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. ஒரு சாயாவுக்குக்கூட அவர் கேட்டதில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பாறசாலையிலிருந்து கிழக்கே போகப் போக நிலம் மேடாகும். முதலில் ரப்பர் தோட்டம், அப்புறம் முந்திரி காய்க்கும் கொல்லாமரம், அப்புறம் மொட்டைப் பாறை. ரப்பர் வெட்டுகிறவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடங்களைக் கொஞ்ச வருஷங்களுக்கு முன் சைக்கிள்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பருமனான டயரும் டிஸ்க் பிரேக்கும் வைத்த மலைச் சைக்கிள்கள். எனக்கு அமரவிளையில் ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் சர்க்கரை வந்து, வயிறும் வந்தது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஜெஸ்டின்தான் என்னை இதில் இழுத்துவிட்டான். அவனுக்கு முப்பது வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. மூச்சு வாங்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு மேலே போனேன். தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தில், தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து வந்தார். பேச்சில்லை, முகவுரை இல்லை. என் அக்குள்களில் கைகொடுத்து, என்னைத் தரைக்கு ஒரு சாண் மேலே தூக்கினார். இரண்டு நொடி வைத்திருந்தார். இறக்கினார்.

"எண்பத்தொண்ணு" என்றார். "ஒத்தைக்கு எடுக்கப் பாடு உண்டு. ரெண்டாளு வேணும். எலே மக்கா, வயித்தக் கொறச்சிட்டு வா."

"எதுக்கு என்னைத் தூக்கணும்?"

"நீ விழுவே. இந்தா, அந்த இடது பக்கத்துலயாக்கும் விழுவே. இஞ்ச வண்டி ஏறாது. பின்ன ஆரு எடுப்பா, உனக்க மாமனா?"

ஜெஸ்டின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனையும் தூக்கினார். "அம்பத்தெட்டு. இது ஒத்தைச் சுமை" என்று அவனைப் பொத்தென்று விட்டார். அன்று மாலை ரப்பர் ஷீட் எடுக்கிற கடையின் தராசில் ஏறிப் பார்த்தோம். எண்பத்தொன்று, ஐம்பத்தெட்டு. கிராம்தான் கொஞ்சம் முன்பின்.

எல்லோரும் எங்களைப் போலச் சிரித்துவிட்டுப் போவார்களா? திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் வந்தார். அவருடைய சைக்கிள் விலைக்கு எங்கள் ஊரில் ஆட்டோ வாங்கலாம். நோக்குகூலி கையை நீட்டியதும் "சேட்டா, தொடண்டா" என்று மலையாளத்தில் தடுத்துப் பின்வாங்கினார். சேட்டன் தொட்டார், தூக்கினார், "அறுபத்தொம்பது" என்று அறிவித்தார். வந்தவர் மலையிறங்கியதும், சுமட்டுக்காரர் தொந்தரவு என்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

அடுத்த வாரம் ஓர் அதிகாரி ஃபைலோடு மலையேறி வந்தார். பாவம், தோல் செருப்பு. எங்களைச் சாட்சிக்கு நிறுத்தினார்.

"காசு கேட்டாரா?"

"இல்ல சார்."

"மிரட்டினாரா?"

"இல்ல சார். தூக்கினாரு."

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். தூக்குவதற்குச் சட்டத்தில் இடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் நோக்குகூலியிடமே கேட்டார்.

"ஓய், நீரு எதுக்கு ஆளுவளத் தூக்குதீரு?"

நோக்குகூலி தடத்தின் இடது பக்கம் கையைக் காட்டினார். அங்கே கைவிட்ட கல்குவாரி, எங்கள் பேச்சில் பாறைமடை. கல் உடைத்து உடைத்து, ஒரு பள்ளிக்கூடத்தையே இறக்கி வைக்கலாம் போல ஆழமாகி, பச்சைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

"சாரே, இதுல கல்லு எடுத்த காலம் தொட்டு ஆறு சவம் நான் எடுத்துருக்கேன். வெடியில போனவன் உண்டு, குளிக்க வந்து போனவன் உண்டு. இஞ்ச வேற ஆரும் எறங்கமாட்டான். இப்ப எனக்க முதுகு போயாச்சு. ஏழாமத்தவன எடுக்க என்னால ஒக்காது. அதுதான் வாறவன் எல்லாத்தையும் தூக்கிப் பாக்கேன். கனமானவன்னா திருப்பி அனுப்பலாமே."

அதிகாரி ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேலே உயர்த்தி நின்றார். "எழுபத்திரெண்டு" என்றார் நோக்குகூலி. புகார் அத்துடன் தீர்ந்தது.

அவர் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தவில்லை. மடையின் விளிம்பை ஒட்டிப் போகிற இடது தடத்தை ஒதுக்கிவிட்டு, வலது பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுப்பாதையை ஒற்றை ஆளாக மண்வெட்டியால் வெட்டினார். மூன்று மாதம் ஆயிற்று. வெட்டி முடித்து, இடது தடத்தின் வாயில் கற்களை அடுக்கி அடைத்தார்.

எங்களுக்கு அந்தச் சுற்றுப்பாதை பிடிக்கவில்லை. அதில் பயம் இல்லை. விளிம்புத் தடத்தில் ஒரு பக்கம் ஆழம், தூரத்தில் கோடு போல விழிஞ்ஞத்துக் கடல், நடுவே ஒரு முழ அகலத்தில் பாறை. அதில் போய்வந்தால் அந்த வாரம் முழுக்க ஜெராக்ஸ் மிஷின் முன்னால்கூட நான் நிமிர்ந்து நிற்பேன். அதனால் ஞாயிறுதோறும் அவர் சாயா குடிக்கக் கீழே போகும் நேரம் பார்த்து நானும் ஜெஸ்டினும் கற்களை எடுத்துப் போட்டுவிடுவோம். திங்கட்கிழமை அவர் மறுபடி அடுக்குவார். நாங்கள் எடுப்போம், அவர் அடுக்குவார். இதை ஒரு விளையாட்டு என்று நினைத்து ஒரு வருஷம் சிரித்தோம். போன முதுகோடு அந்தக் கற்களை ஒவ்வொன்றாகச் சுமந்த ஆளைப் பற்றி யோசிக்கவே இல்லை. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்த ஒரு ஞாயிறு. மழையில் யார் வருவார் என்று நோக்குகூலி மலைக்கு வரவில்லை. அவர் வரமாட்டார் என்றே நாங்கள் போனோம். அன்றைக்குக் கற்களை எடுத்துப் போட்டது நான். ஜெஸ்டின் சைக்கிளில் உட்கார்ந்தபடி "அண்ணா, நீங்க பைய வாங்க, நான் முன்னால போறேன்" என்றான்.

பாறையில் பாசி. டயர் வழுக்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் ஓடிப்போய்க் கீழே நோக்குகூலியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். கொல்லாமரத்தில் கயிற்றைக் கட்டி மடைக்குள் இறங்கினார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. மேலே வரும்போது ஜெஸ்டின் அவர் முதுகில் இருந்தான், தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "நான் ஒரு பக்கம் பிடிக்கேன் அண்ணா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ தொப்பிய எடுத்துட்டு வா" என்றார். ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ரோடு வரைக்கும் நடந்தேன்.

ஆம்புலன்ஸில் கிடத்திவிட்டு, ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அறுபத்திரெண்டு. ஏறிப் போவும்போ அம்பத்தெட்டாக்கும். நாலு கிலோ வெள்ளம்."

ஜெஸ்டினை அடக்கம் செய்த பிறகு இரண்டு மாதம் நான் மலைப்பக்கம் போகவில்லை. கடையில் யாராவது ஒரு பக்கம் கொடுத்தால் பத்துப் பிரதி எடுத்து வைத்தேன். சோறு இறங்கவில்லை. ஒரு நாள் தாங்காமல் கிளம்பி, சைக்கிள் இல்லாமல் நடந்தே போனேன். நோக்குகூலி பாறைமேல் இருந்தார். இடுப்பில் முதுகுவலி பெல்ட். விளிம்புத் தடத்தின் வாய் திறந்தே கிடந்தது. அன்று நான் எடுத்துப் போட்ட கற்கள் போட்ட இடத்திலேயே கிடந்தன. அவரால் இனி அடுக்க முடியாது.

"அண்ணா, அன்னைக்குக் கல்ல மாத்தினது நானாக்கும்" என்றேன்.

"தெரியும்."

"எப்பிடி?"

"ஜெஸ்டின் எடுத்தா கல்லு தூரப் போய்க் கிடக்கும். நீ எடுத்தா காலுக்குக் கீழதான் போடுவே. ஒரு வருசமா பாக்கேன் இல்லியா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முனகிக்கொண்டே எழுந்து வந்து, என் அக்குள்களில் கைகொடுத்தார். வேண்டாம் அண்ணா, முதுகு என்று நான் சொல்வதற்குள் தூக்கிவிட்டார். ஒரு சாண் இல்லை, நாலு விரல்தான் தரை விலகியது. வலியில் அவர் பல்லைக் கடித்தது என் காதில் கேட்டது.

"எழுபத்திமூணு" என்றார். "எட்டு கொறஞ்சிருக்கு. சவமே, ரெண்டு மாசமா நீ சோறு திங்கல்லியா?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் நின்று, அழுது முடியும்வரை பாறைமடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"போய்த் தின்னுட்டு வா. கல்லு இஞ்சதான் கிடக்கும்."

போனேன், தின்றேன், வந்தேன். அன்று தொடங்கி ஞாயிறுதோறும் நான் கல் சுமக்கிறேன். தடத்தின் வாயை அடைத்தாயிற்று. இப்போது விளிம்பு நெடுக இடுப்புயரச் சுவர் வைக்கிறேன். அவர் பாறைமேல் உட்கார்ந்து "கால் முட்ட மடக்கி எடு, முதுகால எடுக்காத, எனக்க கதி வரும்" என்று ஏவிக்கொண்டிருப்பார். ஃபிளாஸ்கில் சாயா கொண்டுபோகிறேன். மூடியில் ஊற்றி நீட்டினால், ஆயுளில் முதல்முறையாக உரிமையோடு கையை நீட்டுகிறார். பார்த்ததற்குக் கூலியாம்.

வீட்டுத் தராசு இப்போது என்னை எண்பது என்கிறது. அவர் தூக்கிப் பார்த்துச் சொல்லாமல் அதை நான் நம்பப் போவதில்லை. அவரைத் தூக்க விடப்போவதும் இல்லை.