பாலம் தாண்டிய பேத்தி

கோமாரியும் வெறிநாய் நோயும் ஒரே மாதத்தில் பரவியதால், பொதுநலனை முன்னிட்டு, நான்கு கால் உள்ள எதுவும் அனுமதிச் சீட்டு இன்றிப் பாலத்தைத் தாண்டக் கூடாது என்று மேலிடம் ஆணையிட்டது. ஆணை வந்த அன்றே நாங்கள் ஒரு கட்டிலைப் பிடித்து நிறுத்தினோம். புதுமணத் தம்பதியின் கட்டில். 'உயிருள்ள' என்ற சொல்லைச் சேர்த்துத் திருத்த ஆணை வர மூன்று நாள் ஆயிற்று. அதுவரை அது எங்கள் காவலில் இருந்தது. அந்தத் தம்பதி இன்று வரை எங்களோடு பேசுவதில்லை.

நான் அந்தச் சோதனைச்சாவடியின் பதிவேட்டு எழுத்தர். பாலத்தின் அந்த முனையில் உள்ள தடுப்புக் கம்பம் அடுத்த வட்டாரத்துக்கு, இந்த முனையில் உள்ளது எங்களுக்கு. நடுவில் இருக்கும் பாலம் யாருடையது என்று இரண்டு அலுவலகங்களும் பன்னிரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன.

ஒரு நாள் காலை பால்காரம்மா அக்கரையிலிருந்து எருமையை ஓட்டிக்கொண்டு வந்தார். மழையில் கொட்டகை சரிந்ததால் அதைத் தங்கை வீட்டில் விட்டிருந்தார். ஈனும் முன் வீட்டுக்குக் கூட்டிவர அனுமதி கேட்டு விண்ணப்பித்தபோது அது எட்டு மாதச் சினை. உரிய பரிசீலனைக்குப் பின் சீட்டு கைக்கு வந்தபோது நிறைமாதம். சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது: சினை எருமை, ஒன்று.

சீட்டில் ஒரு குறையும் இல்லை. முத்திரை குத்துவதுதான் பாக்கி. முத்திரை மேசைக்குள், மேசைச் சாவி ஆய்வாளரிடம், ஆய்வாளர் கூட்டத்தில். அலுவலகத் தாமதத்தைக் குறைப்பது பற்றிய கூட்டம் என்பதால் மதியம் வரை நீண்டது. எருமைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், பாலத்தின் மேலேயே கன்று போட்டுவிட்டது.

ஆய்வாளர் வந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"கன்னுக்குட்டி சார்."

"சீட்டு எங்க?"

"இப்பதான் சார் பொறந்துச்சு."

"பொறக்கட்டும், வேணாங்கல. ஆணையில என்ன இருக்கு? 'ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்தல்.' இது உள்ள இருந்து வெளிய வந்திருக்கு. இது நகர்றது இல்லாம வேற என்ன?"

நாடா வைத்து அளந்தேன். மூன்றரை அடி நகர்ந்திருந்தது.

பால்காரம்மா கும்பிட்டார். "ஐயா, கிடேரிக் கன்னு. மூணு வருஷமா சினை நிக்காம இருந்து இப்பதான் போட்டிருக்கு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிக்கலன்னா தேறாதுங்க. விட்டுடுங்க."

"கொஞ்சம் பொறுங்கம்மா. எருமை ஊசி போட்டது. கன்னு ஊசி போடாதது. ரெண்டுக்கும் பத்தடி இடைவெளி வேணும். விதி பதினாலு."

"அப்ப இதுக்கும் ஊசியப் போட்டு விடுங்க."

"நாலு மாசம் ஆகாத கன்னுக்கு ஊசி கிடையாது. விதி பதினஞ்சு."

"நாலு மாசம் வரைக்கும் எதைக் குடிக்கும்?"

"அது தீவனப் பிரிவு. நாங்க நகர்வுப் பிரிவு."

பிறகு ஆய்வாளர் சீட்டை வாங்கிப் படித்தார். முகம் மாறியது. "சீட்டுல சினை எருமைன்னு இருக்கு. இது சினை இல்லையே. சீட்டுல உள்ள எருமை எங்கம்மா?" என்று பால்காரம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"சரிங்க, நான் அந்தப் பக்கமே திரும்பிப் போயிடறேன்."

அந்த முனைக் கம்பத்துக்காரரைக் கூவிக் கேட்டேன். தங்கள் பக்கத்திலிருந்து போனது சினை எருமை, வெறும் எருமையைத் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது என்று பதில் கூவினார்.

பால்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? கன்னைத் திருப்பி உள்ள போடட்டுமா?"

ஆய்வாளர் ஆணையைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு டாக்டர் சான்று வேணும்" என்றார்.

விதிப்படி கன்றைப் பத்தடி தள்ளிப் போட்டோம். அது எழ முயன்று விழுந்து, கத்தியது. எருமை பதிலுக்குக் கத்தியது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பெரிய அதிகாரியின் மனைவி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வருடம் வசதியுள்ளவர்கள் நாயைப் பிள்ளையாக வளர்ப்பது நாகரிகமாக இருந்தது. வண்டிக்குள் ரோஸ் கவுன், தொப்பி, கால்களுக்கு நான்கு காலுறை. ஆய்வாளர் எழுந்து நின்றார்.

"பாப்பாவுக்குக் காத்து வேணுமாம்" என்றார் அம்மையார்.

பாப்பா குரைத்தது.

"பாப்பாவுக்கு இருமல் போல" என்றார் ஆய்வாளர், மிகுந்த அக்கறையோடு. நான் எழுதினேன்: பெண் ஒருவர், குழந்தை ஒன்று. கம்பம் உயர்ந்தது.

பால்காரம்மா, பாலத்தில் கிருமிநாசினியாகத் தூவும் சுண்ணாம்பைச் சுமக்கும் எங்கள் தள்ளுவண்டியை இழுத்துவந்தார். போர்வையை விரித்துக் கன்றைத் தூக்கி வைத்தார். தன் துண்டை அதன் தலையில் கட்டினார். தள்ளிக்கொண்டு கம்பத்தடியில் வந்து நின்றார்.

"என் பேத்தி."

"ஏம்மா, வால் தெரியுதே" என்றார் ஆய்வாளர்.

"முன்னாடி போன பாப்பாவுக்கும் தெரிஞ்சுச்சுங்க."

ஆய்வாளருக்கு வேர்த்தது. இது குழந்தை இல்லை என்றால் அதுவும் குழந்தை இல்லை. அது குழந்தை இல்லை என்றால் அவருக்கு வேலை இல்லை. "எழுதுய்யா" என்றார்.

"எருமை சார்?" என்றேன்.

பால்காரம்மாவே சொன்னார்: "எருமைதான் இன்னும் கன்னே போடலையே தம்பி. சீட்டுல உள்ளபடி சினையாத்தான் நிக்குது."

ஆய்வாளர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. முத்திரையை ஓங்கிக் குத்தினார். கம்பம் தாண்டியதும் பேத்தி எருமையிடம் முட்டி முட்டிப் பால் குடித்தது. நான் பார்த்தேன், எழுதவில்லை.

இந்த மாதிரி விஷயம் ஊரில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் ஐந்து பேரன்கள் போனார்கள். அடுத்த வாரம் ஒரு கிடா சித்தப்பாவாகவும், கிழட்டுக் காளை ஒன்று கண் ஆபரேஷனுக்குப் போகும் தாத்தாவாகவும் போயின. அந்த மாதம் பாலத்தைத் தாண்டிய விலங்குகள், நிறைமாத எருமை ஒன்று நீங்கலாக, இல்லை. எங்கள் சாவடிக்குச் சிறந்த தடுப்புப் பணிக்கான கேடயம் கொடுத்தார்கள்.

கேடயம் வந்த பத்தாம் நாள் கோமாரி வந்தது. முப்பது மாடுகள் படுத்துவிட்டன. அதில் ஒன்பது எழவில்லை. நிபுணர் குழு வந்து என் பதிவேட்டைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தது. அந்த ஒரு எருமையைத் தவிர விலங்கு எதுவும் நகரவில்லை. நகர்ந்தவர்கள் குழந்தைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு, முதியவர்கள் எழுபது.

"அப்ப நோயைப் பரப்பறது மனுஷங்கதான்" என்றார் குழுத் தலைவர்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் கேடயம் பளபளத்தது. மூடிக்கொண்டேன்.

புதிய ஆணை வந்தது: மனிதர் எவரும் சீட்டு இன்றிப் பாலத்தைத் தாண்டக் கூடாது. கால்நடைகளால் ஆபத்தில்லை என்று நிரூபிக்கப்பட்டதால் அவற்றுக்குத் தடை நீக்கம். என் வீடு அக்கரையில். விண்ணப்பித்தேன். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். பதினோரு நாள் அலுவலக மேசையிலேயே படுத்தேன். தினமும் என் மனைவி அந்த முனைக் கம்பத்தடியில் வந்து நின்று, அந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வரச் சொல்லிக் கத்துவாள். எழுதிக்கொடுத்தாலும் தாண்ட முடியாது என்பது அவளுக்குப் புரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் பால்காரம்மா எருமையோடும் கன்றோடும் வந்தார். கன்று கொழுகொழுவென்று இருந்தது. காவலாளி கம்பத்தை உயர்த்தி வழிவிட்டு, பால்காரம்மாவிடம் மட்டும் சீட்டு கேட்டார். மாடு மேய்ப்பவர் சீட்டு, முந்தின நாளே வாங்கியிருந்தார்.

"என்ன தம்பி, வீட்டுக்குப் போகலையா?"

"சீட்டு வரலம்மா."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். "கழுத்துல மாட்டிக்கிட்டு குனிஞ்சு வாங்க. யாரு என்ன கேட்டாலும் பேசாதீங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

குனிந்தேன். காவலாளி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. என்னுடைய பதிவேட்டில், என்னுடைய பேனாவால் எழுதினார்: எருமை இரண்டு, கன்று ஒன்று.

பாலத்தின் நடுவில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஊரே வரிசையில் குனிந்து நின்றது. முதல் ஆளாக எங்கள் ஆய்வாளர். கயிற்றைத் தானே கொண்டுவந்திருந்தார்.