நாலு மணிக் குழந்தை

"ஒரே மாசம்! பின்னக் கணக்கைக் கரைச்சுக் குடிச்சிடறேன்" என்று தபால்காரர் மனசுக்குள் சபதம் எடுத்தார். வாய்விட்டுச் சொல்ல முடியாது. மனைவி பக்கத்திலேயே இருந்தாள்.

சபதத்துக்குக் காரணம், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் முந்தின நாள் கேட்ட ஒரு கேள்வி.

"அப்பா, அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்ளோ?"

"அஞ்சுல ரெண்டு."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். "ஏங்க, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறைஞ்சு போயிடுமா?"

மகள் சிரித்தாள். பள்ளிக்கூடம் கொடுத்திருந்த டேப்லெட்டில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அந்த மரியாதை அவருக்குப் பிடித்துப் போயிற்று.

மறுநாள் முதல், மகள் நீச்சல் பயிற்சிக்குப் போனதும் நாலு மணிக்கு டேப்லெட்டைத் திறந்தார். மகளின் பெயரிலேயே பாடம். தப்பாகப் போட்டார்.

"நல்ல முயற்சி, கண்ணே! இன்னொரு தடவை பார்க்கலாமா?"

கண்ணே! ஊரெல்லாம் கடிதம் கொடுத்தவருக்கு அப்படி ஒரு வார்த்தை வந்து வருஷக்கணக்காகிறது. உருகிப்போய், கணக்கோடு மனக்கவலையையும் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மூவரும் போனார்கள். வகுப்பாசிரியை கவலையோடு தாளைப் புரட்டினார்.

"காலையில எல்லாம் சரியாப் போடறா. சாயங்காலம் நாலு மணி ஆனா அத்தனையும் மறந்து போகுது. இப்படி இருந்தா கணக்குப் போட்டிக்கு எப்படி அனுப்பறது? பேரை எடுத்துடலாம்னு இருக்கேன்."

மகளின் கண்ணில் பொலபொலவென்று நீர். மானம் பெரிதா, மகள் பெரிதா? தபால்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டீச்சர், பேரை எடுத்துடாதீங்க. அந்த நாலு மணிக் குழந்தை நான்தான்!"

ஆசிரியை சட்டென்று தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் மட்டும் குலுங்கியது.

வெளியே வந்ததும் மகள் குதித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். அவருக்குச் சந்தேகம் தட்டியது. மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வாராவாரம் அறிக்கை என் போனுக்குத்தானே வருது? முதல் வாரமே வந்துச்சு, 'மாணவி தன் மனைவியை நினைத்து மிகவும் பயப்படுகிறாள்'னு."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா ஒத்துக்குவீங்களா? அதான் டீச்சர்கிட்ட சொல்லி வச்சேன்."

"அப்போ அந்தப் போட்டி?"

"அவ பேரைப் போன வாரமே அனுப்பியாச்சு."

"குழந்தை அழுதாளே!"

"ரெண்டு நாள் கண்ணாடி முன்னாடி பழகினா."

ஆனாலும் தபால்காரருக்கு ஒரு நப்பாசை. இனி அந்தக் 'கண்ணே'யைக் கேட்கவே முடியாதா?

"அப்போ... என் படிப்பு?"

"அதை ஏன் நிறுத்தணும்? பள்ளிக்கூடத்துல கேட்டு உங்க பேரையும் மாணவராத் தனியாப் பதிஞ்சுட்டேன்" என்றாள் மனைவி. "பெற்றோர்ங்கற இடத்துல என் பேரைப் போட்டிருக்கேன்."