தகடு சாமியும் காளியம்மாவின் பலாமரமும்

செலண்டார் தோட்டத்து லய வீடுகளில் அந்த வருஷம் அமோகமாக விளைந்தது செப்புத் தகடுதான். இஞ்சியும் மரவள்ளியும் அதற்குப் பிறகுதான். மந்திரம் சொல்லி மரத்தடியைக் கிளறினால் செய்வினைத் தகடு கையோடு வரும் என்று தகடு சாமிக்கு அப்படி ஒரு பேர். சிம்பாங் அம்பாட்டிலிருந்தெல்லாம் கார் பிடித்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். செடி வாடினால் தண்ணீர் ஊற்றலாமே என்று சொன்னவன் நாத்திகன்!

தகடு கிடைத்த மரத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டிய மரம் வீட்டில் இருக்கக் கூடாது, தஞ்சோங் கிளிங் கடலில் கரைக்க வேண்டுமாம். அதற்குச் சாமியின் மச்சான் லாரியோடு தயாராக நிற்பார். பலா மரம் என்ன சர்க்கரையா, கடலில் கரைய? பலாப் பலகை கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தவனும் நாத்திகன்தான். மீனம்மா வீட்டுப் பலா போன வாரம் லாரி ஏறியது. தகடு வைத்தது அவள் நாத்தனார்தான் என்று சாமி சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இன்று காளியம்மாவின் முறை. அவளுடைய பலா முதன்முதலாகக் காய்ப்புக்கு வந்திருந்தது. அதன் நிழலில் மஞ்சள், சேம்பு, மரத்தில் ஏறிய மிளகுக்கொடி என்று கொல்லையில் ஒரு குட்டிக் காடே வளர்த்திருந்தாள். பலா போனால் அத்தனையும் வெயிலில் கருகிவிடும். சாமியைக் கூப்பிட்டது அவள் புருஷன் நல்லமுத்து. பிஞ்செல்லாம் கறுத்து விழுகிறதே என்று அவனுக்கு நடுக்கம்.

“அது ஆம்பளப் பூ லா, கறுத்து விழத்தான் செய்யும். அடிமரத்துல நிக்கிறதுதான் பிஞ்சு. பச்சையா இருக்கு பாருங்க.”

“உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு லா!”

சும்மா இருந்தால் அவள் காளியம்மா இல்லை.

சாமி வந்தார். கொளுத்துகிற வெயிலில் முழுக்கை ஜிப்பா, கழுத்து நிறைய உருத்திராட்சம். பின்னால் கூட்டம்.

“சாமி, பலாவுக்கு முன்னாடி இந்தப் பப்பாளியப் பாருங்க. தலை தொங்கிப்போச்சு,” என்றாள் காளியம்மா.

சாமி கண்ணை மூடினார். “மூணு வருஷமா இதுக்கு அடியில தகடு கிடக்குது!” என்று உறுமி, வேருக்குள் கையை விட்டார். பாசி பிடித்த தகடு வந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“மூணு வருஷமா சாமி? இந்தக் கன்னு இன்னைக்குக் காலை வரைக்கும் பாலிபேக்ல இருந்துச்சு. குழி தோண்டினது நான். மண்ணச் சலிச்சுப் போட்டது இதோ மீனம்மாக்கா. உச்சி வெயில்ல தலை தொங்காம என்ன செய்யும்?”

“ஆமா லா... ஒரு கல்லுகூட இல்லாம நான்தானே சலிச்சேன்,” என்றாள் மீனம்மா. சொல்லிக்கொண்டே அவள் குழியையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தகடு மாயமா நகரும்!” என்று சீறினார் சாமி.

“நகரட்டுமே. ஜிப்பாக் கைய மேல மடிச்சு விட்டுட்டு இன்னொரு தடவை எடுங்க.”

சாமி மடிக்கவில்லை. நல்லமுத்துவுக்கு அப்போதுதான் ரத்தம் சூடேறியது. போய்ச் சாமியின் கையைப் பிடித்து ஓர் உதறு உதறினான். பலாவுக்கென்று வைத்திருந்த தகடு, ஜிப்பாவிலிருந்து டங்கென்று மண்வெட்டி மேல் விழுந்தது. மச்சான் அதற்குள் லாரியைக் கிளப்பிவிட்டார். சாமி செருப்பைக்கூடத் தேடாமல் அதன் பின்னால் ஓடினார். மாயமாக நகர்ந்தது அவர் மட்டும்தான்.

“அப்போ என் மரம்?” மீனம்மா அழுதாள். “என் நாத்தனார அந்தப் பேச்சு பேசிட்டேனே!”

காளியம்மா ஒரு பலாக்கன்றைப் பாலிபேக்கோடு எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“மொதல்ல போயி நாத்தனார்கிட்ட பேசுங்க. அப்புறம் இத நட்டு வைங்க. பழம் பார்க்க அஞ்சாறு வருஷமாகும்.” சுற்றி நின்ற கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். “அதுவரைக்கும் எல்லாரும் உக்காந்து யோசிக்கலாம்.”